அலுமாரிப் புள்ள

தங்கையின் வாய் மூட மறுத்தது. நதீரா வெள்ளைத் துணிக் கீற்றை நாடிக்குக் கீழாகக் கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டாள். கையை எடுத்ததும் கீழ்த்தாடை மெல்ல இறங்கிக்கொண்டது. அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். இந்தத் தடவை கையை எடுக்காமல் தாடையை ஏந்தியபடியே கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. "மர்ஹூம் அச்சிமுகம்மது அவர்களின் மகளும், நளீம் அவர்களின் மனைவியும், இஹ்ஸான் அவர்களின் சகோதரியுமானவர் இன்று காலை வபாத்தானார். ஜனாஸா அஸர் தொழுகையின் பின்..." வாப்பாவின் பெயர், புருசனின் பெயர், காக்காவின் பெயர் எல்லாம் ஒழுங்காக வந்தன. மௌத்தானவளின் பெயர் மட்டும் வரவில்லை. பெண்ணின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லாதது அந்தப் பள்ளியின் பழைய வழக்கம். நதீரா எத்தனையோ மௌத்து அறிவித்தல்களைக் காது கொடுக்காமல் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது.

தங்கை றுஸ்னா தையல்காரி. மருதமுனையில் அவள் கை படாத சட்டை குறைவு. பெரியநீலாவணையிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும்கூடச் சாறிச் சட்டைக்கு அளவு கொடுக்க வருவார்கள். மெஷினை மிதித்துக்கொண்டே அவள் பாட்டுக் கட்டுவாள். சொல்லும் அவளுடையது, மெட்டும் அவளுடையது. கட்டியதைப் பாடிப் பதிய வீட்டில் இடமில்லை, பக்கத்து வீட்டுச் சுவர் அவ்வளவு கிட்ட. ஆகவே பின்னறையிலிருக்கும் உடுப்பு அலுமாரிக்குள் ஏறி, தொங்கும் சாறிகளுக்கு நடுவே குந்தி, கதவைச் சாத்திக்கொண்டு போனில் பாடுவாள். பிறகு யாருக்கும் தெரியாத ஒரு சிம்மிலிருந்து பெண்களின் வட்ஸ்அப் குரூப் ஒன்றுக்கு அனுப்பிவிடுவாள். அங்கிருந்து பாட்டுக் கைமாறி ஊர்மாறிப் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பாட்டும் தொடங்க முன்னர் ஒரு 'கிரீச்' கேட்கும். அலுமாரிக் கதவின் சத்தம் எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது? பாடுகிறவளுக்கு அலுமாரிப் புள்ள என்று பெயர் விழுந்துவிட்டது.

ஆள் யாரென்று தெரியாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? கடலைப் பற்றியே அதிகம் பாடுகிறாள், ஆகவே சுனாமியில் போன, கலியாணமாகாத குமர்ப்பிள்ளை என்று ஒரு கதை கிளம்பியது. கடல் வருகிறதென்று பயந்து அலுமாரிக்குள் ஒளிந்தாளாம், கடல் அலுமாரியோடு கொண்டுபோனதாம், பாட்டு அங்கிருந்துதான் வருகிறதாம். படித்த பெண்களும் இதை நம்பினார்கள். நம்பிக்கொண்டே, கேளுங்கள் கேளுங்கள் என்று ஒருத்திக்கொருத்தி அனுப்பினார்கள்.

பாண்டிருப்பிலிருந்து வரும் சிவரூபினி, கந்தோரில் வேலை பார்ப்பவள், ஒருநாள் அளவு கொடுக்க நின்றபடியே பாட்டைப் போட்டு றுஸ்னாவுக்கே காட்டினாள். றுஸ்னா குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி தலையாட்டிக் கேட்டாளாம். அதை ராத்தா நதீராவிடம் வந்து சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எனக்கே என்னக் கேக்கச் சொல்லிட்டுப் போறா ராத்தா. அதுவும் நான் மௌத்தாகி இருவது வருசமாம்!"

அப்படிச் சிரித்தவள்தான், மார்பில் வந்த கட்டி படுக்கையில் போட்டபின், ஒரு பகல் நதீராவின் கையைப் பிடித்தாள்.

"நான் மௌத்தாகின அண்டைக்கு, என்னத் தூக்க முந்தி, அது ஆரெண்டு சொல்லிருங்க ராத்தா. வேற ஒண்டும் கேக்கல்ல. வல்லாஹி எண்டு சொல்லுங்க."

வல்லாஹி என்றால் அல்லாஹ்வின் மேல் ஆணை. இந்தப் பக்கத்தில் மீன் விலை பேசும்போதும் அந்த வார்த்தை வாயில் வந்து விழும். சாகக் கிடப்பவளின் கையைப் பிடித்துச் சொன்னால் அது வேறு. நதீரா சொன்னாள்.

தாடை இப்போது நின்றுவிட்டது. நதீரா எழுந்து வெளியே வந்தபோது குசினி வாசலில் இஹ்ஸான் காக்கா காத்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நளீம் மச்சான் இப்பதான் சொன்னாரு. அந்தப் பாட்டுக்காரி நம்மட றுஸ்னாவாம். உனக்கும் தெரியுமாம்."

"ஓம் காக்கா."

"போன் எங்க?"

"தலகணிக்குக் கீழ இரிந்திச்சி. இப்ப காணல்ல."

"தேடி எடு. எல்லாத்தையும் அழி." அவர் குரலைத் தாழ்த்தினார். "மனுசர் செய்யிற பாவம் மௌத்தோட முடிஞ்சிரும் நதீரா. இது முடியா. ஆரு எங்க கேட்டாலும் அவட கப்றுக் குழிக்குத்தான் போய்ச் சேரும். சனத்துக்கு இன்னும் ஆளத் தெரியா. தெரியாமலே இரிக்கட்டும். நீ வாயத் திறக்காத."

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சுனாமியன்று றுஸ்னாவின் கையைப் பிடித்து வயல் பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியவர் அவர்தான். அந்தக் கையால்தான் இப்போது முகத்தைத் துடைத்துக்கொண்டார். நதீராவுக்கு அவர் சொன்னதில் பாதி நம்பிக்கை இருந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சொன்னால் தங்கை மண்ணுக்குள் வேதனைப்படுவாளோ? சொல்லாவிட்டால் அல்லாஹ்வின் பெயரில் கொடுத்த வாக்கு என்னாவது? இரண்டு பக்கமும் நெருப்பு.

போனைத் தேடி மண்டபத்துக்கு வந்தாள். பெண்கள் பாயில் அமர்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். வெளியே காற்றுச் செத்துப்போயிருந்தது. கூப்பிடு தூரத்திலிருந்த கடல் அன்றைக்கு ஏனோ ஒரு சத்தமும் போடவில்லை. மூலையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த சிவரூபினி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள்.

"அக்கா, செத்த வீட்டில இதச் சொல்லலாமோ தெரியல்ல. எங்கட அம்மா போன நேரம் எனக்கு நித்திரையே இல்ல. ஒரு பிள்ளைட பாட்டுத்தான் என்ன எழுப்பி நடக்க வெச்சது. உங்களுக்கு அனுப்பி விடுறன். எப்பயாவது மனம் கேட்டா ஒருக்காக் கேட்டுப் பாருங்க."

சிவரூபினி பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கதவுக்கு அப்பால்தான் அந்தப் பிள்ளை நாடி கட்டிக் கிடக்கிறாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நதீராவின் மனம் அடித்துக்கொண்டது.

சிவரூபினியின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. பாயில் இருந்தவர்களின் கைப்பைகளிலும் மடிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக 'டிங்', 'டிங்' என்றது.

"அலுமாரிப் புள்ள," என்று சிவரூபினி முணுமுணுத்தாள். "கனநாளைக்குப் பிறகு." சத்தத்தைக் குறைக்கப் போன விரல் தவறிப் பட்டுவிட்டது. கிரீச்.

*ஊருக்கெல்லாம் தைச்ச புள்ள*
*ஊசி படாத் துணியில*
*பேரக் கேக்க ஆரு வருவா*
*பேசாமப் போற வழியில...*

"நிப்பாட்டுங்க, ஓதுற இடத்துல!" என்று சொல்ல வாயெடுத்த பஜ்ரியா மாமி பாதியில் நின்றாள். பாட்டுக்குப் பின்னால் வேறொரு குரல் கேட்டது. தூரத்தில், கரகரத்துக்கொண்டு: '...நளீம் அவர்களின் மனைவியும், இஹ்ஸான் அவர்களின்...'

காலையில் எல்லாரும் கேட்ட அறிவித்தல். அப்படியென்றால் இந்தப் பாட்டு இன்றைக்குப் பாடியது. இந்த ஒலிபெருக்கி கேட்கும் தூரத்தில் இருந்து பாடியது.

யாசீன் ஓதிய வாய்கள் எல்லாம் நின்றன. குரல் றுஸ்னாவுடையது. 'வழியில' என்று இழுக்கும்போது மூக்கால் ஒரு சுழி சுழிப்பாள், அதுவும் அப்படியே இருந்தது. ஆனால் அந்த அறிவித்தல் கேட்ட நேரம் றுஸ்னாவின் தாடை நதீராவின் உள்ளங்கையில் இருந்தது. அது அசையவில்லை. சத்தியம் பண்ணிச் சொல்வாள், அது அசையவில்லை.

எப்படி எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அலுமாரி இருந்த பின்னறை இருட்டாகக் கிடந்தது. அலுமாரிக்குள்ளிருந்து மூச்சு விடும் சத்தம் வந்தது. நதீரா பிஸ்மி சொல்லிக் கதவை இழுத்தாள்.

சாறிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள் அம்ஹா, றுஸ்னாவின் ஒரே மகள். கதைக்கும்போது அவளுக்கு வாப்பாவின் கரகரத்த குரல். அவள் பாடி யாரும் கேட்டதில்லை. உம்மாவின் போன் அவள் மடியில் இருந்தது.

"நீயா புள்ள பாடின?"

"உம்மாதான் கட்டித் தந்தா பெரியம்மா. மௌத்தாகின அண்டைக்குப் பாடி அனுப்பச் சொன்னா." அம்ஹா முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "வல்லாஹி எண்டு சொல்ல வெச்சா."

இவளிடமும் வாங்கியிருக்கிறாள்! சாகும்போதுகூட அளவு பிசகாத தையல்காரி, ஒரு தையல் விட்டால் மறு தையல் பிடிக்கட்டும் என்று இரட்டைத் தையல் போட்டிருக்கிறாள். நதீராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகுதான் உறைத்தது. றுஸ்னாவின் பெயரைச் சொன்னால், இன்றைக்குப் பாடியது யாரென்று அடுத்த கேள்வி வரும். குமர்ப்பிள்ளை. காக்கா இவளை என்ன செய்வார், ஊர் இவளை எப்படிப் பார்க்கும்?

"நீ பாடல்ல," என்றாள். "விளங்குதா? ஆரு கேட்டாலும் நீ பாடல்ல." போனை வாங்கித் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு குளிப்பாட்டினார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீரை அம்ஹா ஊற்ற, நதீரா தேய்த்தாள். மையித்துக் குளிப்பாட்டும் சபுறா உம்மா எதற்கும் அசையாதவள், எத்தனையோ பேரைக் கழுவி அனுப்பியவள். ஊசி படாத வெள்ளைப் புடவையில் கிடத்திச் சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்தாள்.

"முகம் பாக்கிறவங்க பாருங்க. மூடப்போறன்."

"கெதியாக்குங்க," என்று வெளியிலிருந்து காக்காவின் குரல் வந்தது. சந்தூக்குப் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைக்கும் சத்தமும் கேட்டது. தூக்கப்போகிறார்கள். நதீரா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு காலமும் பெயரில்லாமல் பாடியவள், காலையில் பெயரில்லாமல் அறிவிக்கப்பட்டவள், இன்னும் கொஞ்ச நேரத்தில் பெயரில்லாமல் போய்விடுவாள். பாவமென்றால் அதை நான் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"சிவரூபினி, இஞ்ச வாங்க."

"நான் வரலாமா அக்கா?"

"வாங்க. அனுப்பித் தாறன் எண்டு சொன்னீங்களே, அந்தப் பாட்டு இவட. எல்லாப் பாட்டும் இவடதான். சொல்லும் இவட, மெட்டும் இவட. பேர் றுஸ்னா. அச்சிமுகம்மதுட மகள் றுஸ்னா."

தேவைக்கு மேல் உரக்கத்தான் சொன்னாள். வாசலில் ஆண்களின் பேச்சு நின்றுபோனது.

சிவரூபினி நெருங்கி வந்து குனிந்து பார்த்தாள். கை தானாகப் போய்த் தன் சட்டையின் தோள் தையலைத் தடவியது. "எனக்கு அளவு எடுக்கக்குள்ள..." என்றாள்.

பஜ்ரியா மாமிதான் கேட்டாள். "அப்ப, இண்டைக்குக் காலத்தால பாடினது?"

கால்மாட்டில் கற்பூரத்தோடு நின்ற அம்ஹா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவதான்," என்றாள் நதீரா. பொய்தான். நல்ல காலம், இதற்கு யாரும் வல்லாஹி கேட்கவில்லை.

பெண்கள் ஓரடி பின்னால் போனார்கள். பிறகு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த முகத்தைப் பார்க்க ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். பஜ்ரியா மாமி மற்றவர்களைவிட அதிக நேரம் குனிந்து நின்றாள். அவளுடைய காது றுஸ்னாவின் வாய்க்கு நேரே இருந்தது.

"தூக்குவமா?" என்று காக்கா கேட்டார். குரல் உடைந்திருந்தது.

சபுறா உம்மா முகத்தை மூடினாள். கால்மாட்டு முடிச்சை வழக்கம்போலப் பலமாக இழுத்துப் போட்டாள், இடுப்பு முடிச்சையும் அப்படியே. தலைமாட்டுக்கு வந்து துணியை முறுக்கிப் பிடித்தவள், துணிக்குள் வாய் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு முறுக்கைத் தளர்த்தி, ஒரு விரல் போகும் அளவுக்கு இடம் விட்டுக் கட்டினாள்.