ரத்தம் நல்லா இருக்கு

பெற்றவள் எவளாவது தன் பிள்ளைக்கு நோய் இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பாளா? ரூபினி கேட்டாள். காலையிலிருந்து வார்டு நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து மாதக் கைக்குழந்தை அவள் மகன் குகன். விலாவிலும் காதோரத்திலும் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. சுங்கை பெசார் கிளினிக்கில் பார்த்ததுமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். "சில பிள்ளைங்களுக்கு ரத்தம் சரியா உறையாது, லேசாப் பட்டாலே கன்னிப்போகும். அதையும் பார்த்துடுவோம்" என்றார் இங்கே டாக்டர் உஷாராணி. அந்த ஒரு வார்த்தையை ரூபினி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ரத்தத்தில் கோளாறு என்றால் மருந்து உண்டு. இல்லையென்றால், வீட்டில் இருப்பதே மூன்று பேர். அதில் ஒருவன் குகன். மிச்சத்தை யோசிக்கத்தான் அவள் பாவி மனசு விடவில்லை.

பாவம் அந்தப் பிஞ்சு. ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். தலையை ஸ்கேன் செய்தார்கள். கை, கால், விலா என்று உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுத்தார்கள்.

மதியம் டாக்டர் கூப்பிட்டார்.

"ரத்தம் நல்லா இருக்கு ரூபினி. உறையறதுல ஒரு குறையும் இல்ல."

வேறொரு தாயென்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இவள், "இன்னொரு தடவை பார்க்க முடியுமா டாக்டர்?" என்றாள்.

எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பு ஓரமாக மூன்று விலா எலும்புகளில் முடிச்சுகள் தெரிந்தன. "உடைஞ்சு ஆறிக்கிட்டு வருது. ரெண்டு மூனு வாரம் இருக்கும். அப்போ பிள்ளை அழுதிருக்குமே?"

அழுதான். அப்போது ஒரு நாள் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து தூக்கினாள், வீறிட்டான். "உரம் விழுந்திருக்குலா" என்றான் புருஷன் சிவநேசன். அன்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். பக்கத்து வீட்டுக் காளியம்மாவைக் கூப்பிட்டார்கள். பிள்ளையைச் சேலையில் கிடத்தி, இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். உரத்துக்கு, அதாவது பிள்ளையின் கழுத்துப் பிடிப்புக்கு, அவர்கள் வசிக்கும் தோட்டக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. குகன் கத்திக் கத்திக் கடைசியில் ஓய்ந்துபோனான். "எடுபட்டுருச்சு" என்றாள் காளியம்மா. அவளுக்குச் சந்தோஷமாகக் காப்பி கலந்து கொடுத்தவள் ரூபினி. எலும்பு உடைந்திருந்த தன் பிள்ளையை உருட்டியதும் அதே கைதான்.

"உருட்டுனதுல உடைஞ்சிருக்குமா டாக்டர்?" அப்போதும் கேட்டாள். பழியைத் தானே வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"அதுல இந்த இடம் உடையாது. ரெண்டு கையால நெஞ்சைப் பிடிச்சு இறுக்கியிருக்காங்க. போலீசுக்கும் சமூக நல இலாகாவுக்கும் சொல்லியாச்சு. பிள்ளையை இப்ப வீட்டுக்கு அனுப்ப முடியாதும்மா."

வெளியே சிவநேசன் எழுந்து வந்தான். "என்னா சொன்னாங்க? ரத்தத்துல கோளாறாமா?"

"ரத்தம் நல்லா இருக்குங்க."

அவன் மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டான். அப்படியென்றால் வேறு என்ன என்று அவன் கேட்கவேயில்லை.