மழை நாளுக்கு எந்த மொழி

செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் நாணுவின் கம்பெனி இருந்தது. ஆம்புலன்ஸ் வேண்டும் என்று யாராவது போனில் தட்டினால், அருகில் காலியாக நிற்கும் வண்டியைக் கண்டுபிடித்து அனுப்பும் சேவை அது. மற்ற நாட்களில் ஒழுங்காக ஓடிய சர்வர், போன வருஷ மழையில் திணறிவிட்டது. எல்லாரும் ஒரே சமயத்தில் கூப்பிட, வண்டி தேடும் புரோகிராம் பதில் சொல்லாமல் மென்று விழுங்கியது. காட்கோபரில் மூச்சுத் திணறிய ஒரு பெரியவரைக் கடைசியில் வீட்டார் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நாணுவுக்கு நிம்மதி போய்விட்டது.

பழைய புரோகிராம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. அதையே வைத்துக்கொண்டு வேகம் கூட்ட வேண்டுமென்றால் வாடகை சர்வர்களை மூன்று மடங்காக்க வேண்டும். அந்த பில்லை அவரால் தாங்க முடியாது.

"எல்லாத்தையும் மாத்த வேண்டாம் சார். வண்டி தேடுத பகுதியை மட்டும் வேற மொழியில எழுதிப் பாக்கேன்" என்றாள் ஃபர்ஸானா. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். நாணுவின் கம்பெனியில் மூத்த இன்ஜினியர்.

ரஸ்ட் மொழியில் ஒன்று, கோ மொழியில் ஒன்று என்று இரண்டு எழுதினாள். அந்த மழை நாளில் வந்த அழைப்புகளை அப்படியே இரண்டின் மேலும் திருப்பிக் கொட்டினாள். இரண்டும் சளைக்கவில்லை. ரஸ்ட் இன்னும் வேகம். சர்வரும் குறைவாகவே கேட்டது.

"அப்போ ரஸ்ட்தானே? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் நாணு.

"இருங்க சார், இன்னொண்ணு அளக்கணும்."

இரண்டிலும் வேண்டுமென்றே ஒரே பிழையைப் புகுத்தி அம்முவிடம் கொடுத்தாள். மாட்டுங்காவிலிருந்து வரும் அம்முதான் கம்பெனியின் இன்னொரு இன்ஜினியர். இரண்டு மொழியும் அவளுக்குப் புதிது. கோ மொழியில் இருந்த பிழையை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பிடித்துவிட்டாள். ரஸ்ட்டோடு மறுநாளும் மல்லுக்கட்டினாள்.

"எதைத் தொட்டாலும் என்னைத் திட்டிண்டே இருக்கு ஃபர்ஸானா!"

ஃபர்ஸானா சிரித்தாள். பிறகு நாணுவிடம் போனாள். "கோ மொழியையே எடுத்துக்கிடுவோம் சார்."

"உன் ரஸ்ட் அவ்வளவு நன்னா ஓடறதே!"

"ஓடுது. நின்னு போச்சுன்னா? நான் ஒருத்தி இருந்தாத்தான் சரி பண்ண முடியும்னா, அதுவும் ஒரு செலவுதான சார்?"

அந்த ரஸ்ட் புரோகிராமை அவள் எவ்வளவு ஆசையாக இழைத்து இழைத்து எழுதினாள் என்று நாணுவுக்குத் தெரியும். ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் அதை ஓரமாக வைத்துவிட்டாள்.

இந்த வருஷமும் மழை பிடித்துக்கொண்டது. சீத்தா கேம்ப்பில் பிள்ளை பெற்றிருந்த தங்கை பரீஹாவைப் பார்க்கப் போன ஃபர்ஸானா அங்கேயே மாட்டிக்கொண்டாள். கோவண்டியில் தண்டவாளம் தண்ணீருக்குள் கிடந்தது. கரண்ட் இல்லை, போனும் இல்லை.

ஆபீஸில் அம்மு மட்டும். அழைப்புகள் குவிந்தன, சர்வர் அசரவில்லை. ஆனால் தண்ணீரில் சிக்கி, தொடர்பே இல்லாமல் போன வண்டிகளையும் காலி என்று நினைத்து அது அனுப்பத் தொடங்கியது. அம்மு புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். கொஞ்ச நேரமாகத் தன் இருப்பிடத்தைச் சொல்லாத வண்டியை ஒதுக்கிவிட ஒரு நிபந்தனை எழுதி, சோதித்து, சர்வரில் ஏற்றினாள். அதன்பிறகு ஓடக்கூடிய வண்டிகள் மட்டுமே போயின.

மறுநாள் முழங்கால்வரை சேறோடு ஃபர்ஸானா வந்து நின்றாள்.

"ஓடுச்சா?"

"ஓடித்து. நடுவுல ஒரு தப்பு வந்தது. நானே சரி பண்ணிட்டேன். கொஞ்சம் பாரேன்."

நின்றபடியே படித்தாள் ஃபர்ஸானா. "தப்பு என்னோடதுதான். வண்டி பேசாமப் போகும்னு நான் யோசிக்கவே இல்ல. நீ அழகா பிடிச்சிருக்க." சொன்னதோடு நிற்கவில்லை, எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மாதக் கடைசியில் சர்வர் பில் பழையதில் பாதிகூட வரவில்லை. நாணு அதை ஃபர்ஸானாவிடம் காட்டிப் பாராட்ட வாயெடுத்தார்.

"மிச்சம் பிடிச்சதுல அம்முக்குச் சம்பளம் கூட்டுங்க சார்" என்றாள் அவள்.