எதிர்ச்சரிவில் நிற்பவன்

கிர்பியின் கடைப் பின்வாசலில், மணல்மூட்டை மீது துப்பாக்கியைக் கிடத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோலா எதிர்க்குன்றைப் பார்த்தாள். குன்றின் இடுப்பில் எல்க் மான் வடிவத்தில் வெட்டிய இரும்புத் தகடு ஒன்று தொங்கியது. துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த மானைப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருவார்கள். காலையிலிருந்து அவள் இரண்டைத் தள்ளிவிட்டிருந்தாள், இது மூன்றாவது. முதலாவது எடை குறைவு. மலையேற சுகம், ஆனால் சுட்டால் தோளைப் பெயர்த்துவிடும் என்று கிர்பியே ஒப்புக்கொண்டார். இரண்டாவதில் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது, விசை தொட்டதும் விழுந்தது, வால்நட் மரத்துப் பின்கட்டை கன்னத்தில் இதமாக உட்கார்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அதையே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். நோலா துப்பாக்கி மேலிருந்த ஸ்கோப் தொலைநோக்கியில் ஒரு தரம் கண் வைத்தாள், உதட்டைப் பிதுக்கினாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கிர்பி முப்பது வருஷமாக அந்த ஊருக்குத் துப்பாக்கி விற்கிறவர். கனத்த குழல் ஏன் ஆடாது, நீளமான குண்டு காற்றில் ஏன் குறைவாக ஒதுங்கும், எழுநூறு கெஜத்துக்கு அப்பால் குண்டு எவ்வளவு தாழும் என்றெல்லாம் அவர் சொல்லத் தொடங்கினால், கேட்கிறவருக்குப் பசி வந்துவிடும். நோலா ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே கேள்வி.

“இதெல்லாம் சரிண்ணே. ஸ்கோப்பக் கடைசி வரைக்கும் திருகினா, மூஞ்சி தெரியுமா?”

“எதோட மூஞ்சி?”

“மானோடதுதான்.”

“மான் மூஞ்சியப் பாத்து என்னம்மா பண்ணப் போற? சம்பந்தமா பேசப் போற? முன்னங்காலுக்குப் பின்னால குறி வெச்சு அமுக்குனா முடிஞ்சுது.”

அவள் சிரித்து வைத்தாள். கிர்பி தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய் நான்காவதைக் கொண்டுவந்தார். சாம்பல்நிறத்தில், அழகு என்று சொல்ல எதுவும் இல்லாத, நீண்டு கனத்த துப்பாக்கி. அதன் மேல் பால்புட்டிப் பருமனில் ஒரு ஸ்கோப். நோலா அதில் கண்ணை வைத்ததும் இரும்பு மான் பக்கத்தில் வந்து நின்றது. பழைய குண்டுகள் பறித்த பள்ளங்கள் தெரிந்தன. ஆணியடியிலிருந்து வடிந்த துருக்கோடு தெரிந்தது. தகட்டின் விளிம்பில் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது.  இதுதான், இதில் தெரியும் என்று நினைத்தாள்.

அப்போது குன்றின் பின்னாலிருந்து நாயோடு ஒருவர் ஏறி வந்தார். கிர்பி வாயைத் திறக்கவில்லை. கல்லாவில் வேறு யாரோ போனில் பேசிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை மெல்லக் கீழே அழுத்திக் காட்டினார். அதற்கு முன்பே நோலா குழலைத் தாழ்த்தியிருந்தாள். அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பல் துலக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே கற்றுக்கொடுப்பது அது. மனிதரைப் பார்க்க வேண்டுமானால் பைனாகுலர் இருக்கிறது. துப்பாக்கி ஸ்கோப்பில் மனிதரைப் பார்க்கக் கூடாது. ஸ்கோப்பில் பார்ப்பதென்றால் குழலையும் அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம், தோட்டா உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

“ஹாலிஸ் இருந்திருந்தா, நீ இவ்ளோ நேரம் அந்தக் குன்றையே பாத்துக்கிட்டு இருந்ததுக்கே திட்டியிருப்பான்,” என்றார் கிர்பி. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். துணியை எடுத்துத் துடைக்கத் தேவையில்லாத குழலைத் துடைத்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. நோலாவின் கணவன் ஹாலிஸ் எதற்கும் கோபப்படாத மனிதன். அடுப்பில் கறியைக் கருக்கினாலும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். ஆனால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமிருந்து பால்ய நண்பன் ஒருவன் ஸ்கோப்பில் தன்னைப் பார்த்தான் என்பதற்காக, அவனோடு சாகும்வரை பேசவில்லை. சாகும்வரை என்று ஊரார் சொல்வதுதான். ஹாலிஸ் செத்ததை யாரும் பார்க்கவில்லை. முந்தின வருஷத்துக்கும் முந்தின இலையுதிர்காலத்தில், பன்றிமுதுகு மலைக்கு எல்க் வேட்டைக்குப் போனவன் இறங்கி வரவில்லை. நாய்களை விட்டுத் தேடினார்கள், ஹெலிகாப்டர் வந்தது, அப்புறம் பனி வந்தது. வண்டி மட்டும் அடிவாரத்தில் நின்றது.

போன வருஷம் நோலா அவனுடைய பழைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, தம்பி டுவேனோடு அதே மலைக்குப் போனாள். வேட்டைக்கு ஆசைப்பட்டு இல்லை, வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல். விளிம்புப் பாறையில் படுத்து எதிர்ச்சரிவில் மான் தேடிக்கொண்டிருந்தபோது, தீப்பிடித்துக் கரிந்த மரங்களுக்கு நடுவில், ஸ்கோப்பின் வட்டத்துக்குள் ஒரு ஆரஞ்சுப் புள்ளி வந்தது. வேட்டைக்காரன் போடும் மேலங்கி. அவள் பதறிப்போய்த் துப்பாக்கியை விட்டுவிட்டு பைனாகுலரை எடுத்தாள். அங்கே யாரும் இல்லை. கரிமரங்கள்தான் இருந்தன. கண் ஏமாற்றியது என்று மறுபடி ஸ்கோப்பில் பார்த்தாள். அவன் நின்றான். ஹாலிஸ்தான் என்று நிற்கிற தினுசிலேயே தெரிந்தது, வலது காலில் பாரம் போட்டு, இடது தோளைத் தூக்கி. கை மேலேயும் கீழேயும் போய் வந்தது.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்கோப்பைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள். பக்கத்துப் பண்ணையின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள், தொட்டி தொட்டியாகத்தான் தெரிந்தது. பனி உருகியதும் தனியாகப் போனாள். பைனாகுலரில் வெறும் சரிவு. வெறுங்கண்ணில் வெறும் சரிவு. துப்பாக்கியை நீட்டினால் ஹாலிஸ். குழலடி அறையில் தோட்டா இல்லையே என்று போல்ட்டைத் திறந்து, விரலை விட்டுத் தடவி, மறுபடி திறந்து பார்த்துக்கொண்டுதான் நீட்டுவாள். ஆனாலும் உடம்பு கூசும். இருபத்தேழு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவனைக் குறிபார்த்தால்தான் காண முடியும் என்றால் அது என்ன காட்சி?

பயம்கூடப் பழகிவிட்டது. பழகாமல் அவளை அரித்தது அந்தக் கைதான். பழைய ஸ்கோப்பில் அது ஒரு அசைவாக மட்டும் தெரிந்தது. கூப்பிடுகிறானா, போகச் சொல்கிறானா? பாத்திரம் கழுவும்போது தன் கையை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்ப்பாள். கூப்பிடுகிறான் என்று தெரிந்தால் போய்விடுவது என்று அவள் முடிவே செய்திருந்தாள். நடுவில் இருந்த பள்ளம் செங்குத்து. ஹாலிஸைத் தேடப் போனவர்களே பாதியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிய இடம். தெரிந்துதான் முடிவு செய்தாள். பூனையைக்கூட டுவேன் வீட்டில் விட்டாயிற்று.

“இது எனக்குப் போதும்ணே, கட்டிக் குடுங்க,” என்றாள்.

கிர்பி அவளை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பிறகு, ஒருத்தியாகச் சுமக்க இது கனம், டுவேனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவதென்றால் தருகிறேன் என்றார். அவள் சரியென்றாள்.

அந்த வருஷக் குலுக்கலில் ஆண் மானைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு அவள் பெயருக்கே விழுந்திருந்தது. டுவேனுக்கு விழவில்லை. அவன் பைனாகுலரோடும், கறி சுமக்கும் பையோடும், ஃப்ளாஸ்க் நிறையக் காபியோடும் வந்தான். ஏறும்போது வாய் ஓயவில்லை. இந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு மானையே கூப்பிட்டு வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்றான். போன வருஷம் அவள் ஒரு முயலைக்கூடச் சுடவில்லை என்று குத்திக்காட்டினான். நோலாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மச்சான் காணாமல் போன நாளிலிருந்து அக்காவைத் தனியே விடக் கூடாது என்று, பிடிக்காத மலையில் மூச்சு வாங்க ஏறுகிறவன்.

விளிம்புப் பாறைக்கு வந்தபோது வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. இரவு புதுப்பனி பெய்து, எதிர்ச்சரிவு விரித்துப்போட்ட படுக்கைவிரிப்பு மாதிரி கிடந்தது. கரிமரங்களைத் தவிர அதில் ஒரு புள்ளி இல்லை. பனி மறுபடி மெல்லிசாகத் தூறத் தொடங்கியது. காற்று நின்றுபோயிருந்தது. ஒரு காக்கை கத்திவிட்டு, கத்தியது தப்பு என்பதுபோல அடங்கிவிட்டது. நோலா குழலுக்கு அடியில் மடித்திருந்த இரட்டைக் கால்களை விரித்துத் துப்பாக்கியை நிறுத்தி, படுத்து, ஸ்கோப்பின் மூடியைத் திறக்காமலே கிடந்தாள். அவளுக்குத் திறக்கப் பயமாக இருந்தது. இவ்வளவு நாள் தெரிந்துகொள்ளத் துடித்தவளுக்கு, இப்போது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

டுவேன் அவள் முழங்கையைத் தொட்டான். கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே கிசுகிசுத்தான்.

“அக்கா, மேல பாரு. பெரிய கரிமரத்துக்கு இடப்பக்கம். எறங்கி வருது. எம்மாம் பெரிய கொம்பு. தோட்டாவ ஏத்து.”

அவள் ஏற்றினாள். அந்த மலையில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அவள் நீட்டுவது அதுதான் முதல் தடவை. விசைப் பூட்டு போட்டிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிக்கொண்டு, மூடியைத் திறந்து, கண்ணை வைத்தாள்.

மான் தெரிந்தது. அதன் மூக்கிலிருந்து ஆவி போவதுகூடத் தெரிந்தது. குழலைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். மான் இறங்கி வரும் வழியிலேயே, அதற்கு நேர் கீழே, ஹாலிஸ் நின்றான். முகம் தெரிந்தது. இரண்டு நாள் தாடி, அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இருந்த அதே இரண்டு நாள் தாடி. சுற்றிலும் பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் தொப்பியில், தோளில், ஒரு துகள் இல்லை. அவன் நேராக அவளைப் பார்த்தான். முகத்தில் கோபமில்லை, களைப்பு இருந்தது. ஒரே விஷயத்தைப் பலமுறை சொல்லிச் சொல்லி அலுத்தவனின் களைப்பு.

கை உயர்ந்தது. உள்ளங்கை கவிழ்ந்தது. காற்றை மெல்லக் கீழே அழுத்தியது. மறுபடி உயர்ந்தது, கவிழ்ந்தது, அழுத்தியது.

 கூப்பிடவில்லை. போகச் சொல்லவுமில்லை. கிர்பி கடையில் காட்டிய அதே கை. ஊரில் எல்லோரும் காட்டுகிற கை. துப்பாக்கியைத் தாழ்த்து என்கிறான். போன இலையுதிர்காலத்திலிருந்து, அவள் வந்து நீட்டிய ஒவ்வொரு முறையும், அவன் அங்கே நின்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். தாழ்த்தினால் அவன் இருக்க மாட்டான். அதையும் அவன் தெரிந்துதான் சொல்கிறான்.

“சுடேன் அக்கா. நிக்குது பாரு. இனிமே கெடைக்காது.”

“முடியல.”

“ஏன்? கண்ணாடியில பனி மூடிக்கிச்சா?”

“நீ பாரு,” என்றாள். சொல்லி முடிக்குமுன்பே, சொன்னது சரியா என்று பயந்தாள். டுவேன் முணுமுணுத்துக்கொண்டே அவளை ஒதுக்கிப் படுத்து, துப்பாக்கியை அசைக்காமல் கண்ணை மட்டும் ஸ்கோப்பில் வைத்தான். கண்ணாடியில் ஒண்ணுமில்லையே, நல்லாத்தானே தெரியுது என்று சொல்ல வாயெடுத்தவன் ‘நல்லா’ என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

நோலா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடுகிற முதுகு ஏறி இறங்காமல் நின்றுவிட்டது. அவன் பைனாகுலரை எடுக்கவில்லை. வெகு மெதுவாகக் குழலைப் பாறையை நோக்கித் தாழ்த்தினான். போல்ட்டைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தான். பித்தளைத் தோட்டா துள்ளிப் பனியில் விழுந்து புதைந்தது. துப்பாக்கியைத் திருப்பி, குழல்வாய் பின்பக்கம் பார்க்கக் கிடத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் காதுமடல்கள் சிவந்திருந்தன.

“எவ்ளோ நாளாக்கா?” என்றான், எதிர்ச்சரிவைப் பார்க்காமல்.

 அவள் கை துப்பாக்கிக் கட்டையின் மேல் இருந்தது. கட்டையில் அவள் கன்னத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. ஒரு தரம், ஒரே ஒரு தரம் எடுத்துப் பார்க்கலாம், இப்போது தோட்டாகூட இல்லை என்று கை சொன்னது. கையை எடுக்கவும் முடியவில்லை, துப்பாக்கியை எடுக்கவும் முடியவில்லை. மற்றக் கையால் தம்பியின் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி எடுத்துக் கண்ணில் வைத்தாள்.

யாரும் இல்லை. பெரிய கரிமரம், அதற்குக் கீழே வெள்ளையாகச் சரிவு. மான் சாவகாசமாக இறங்கிவந்துகொண்டிருந்தது, அதன் காலடிகள் பின்னால் ஒரே கோடாக விழுந்தன. பாதிச் சரிவில் அது நின்றது. தலையைத் தாழ்த்தி எதையோ முகர்ந்தது. பிறகு, வழியில் நிற்கிற ஆளைச் சுற்றிப் போவதுபோல, ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தை விட்டு விலகி, அரைவட்டமாக நடந்து, மறுபடி நேரே இறங்கிப் போயிற்று. அந்த வளைவு மட்டும் பனியில் அப்படியே இருந்தது. மேலிருந்து விழும் பனி அதை மூடத் தொடங்கியது.