வால்வு திறந்தால் தோல்வி

டீசல் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட ஆள் வேண்டாம். ஆகவே இன்றைய போட்டியில் நீராவி ரயில் டீசலிடம் தோற்றால் கரி அள்ளுகிறவனுக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். டிரைவருக்குக் கிழியாது, டீசலில் போய்க் காலாட்டிக்கொண்டு உட்காரலாம். அந்த டிரைவர் வேறு யாருமல்ல, இவன் மனைவியின் அண்ணன்.

போட்டியை நடத்தியவர் தலைமையகத்திலிருந்து வந்திருந்த சிக்கன நிபுணர். கொதிகலனின் பாதுகாப்பு வால்வு திறந்து ஆவி வெளியேறினால் அது வீண்செலவு, நீராவிக்குத் தோல்வி என்று விதி வகுத்திருந்தார். அந்த வால்வு எதற்காகத் திறக்கிறது என்பதை அவர் வாங்கிய பட்டங்களில் ஒன்றுகூட அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

கரி அள்ளுகிறவன் புறப்படுமுன்பே வால்வைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டான்.

மலையேற்றத்தில் பாதி வழியில் அழுத்தமானி முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. கொதிகலன் முனகியது.

"அடப்பாவி, வால்வைக் கட்டிட்டியா?" டிரைவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே ஏறப் போனான்.

இவன் அவன் காலைப் பிடித்தான். "எங்க மச்சான் கிளம்பிட்டீங்க? நான் தோத்தா உங்களுக்கு மெத்தை சீட்டு, அதானே?"

"மயிரு சீட்டு! வெடிச்சா என் தங்கச்சிக்கு எரிக்கக்கூட நீ மிஞ்ச மாட்டடா. விடு காலை!"

விடவில்லை. உதை வாயில் விழுந்து இரண்டு பற்கள் கரிக்குவியலில் தெறித்தன. பதிலுக்கு இவன் வீசிய கரி அள்ளும் வாரியின் விளிம்பு டிரைவரின் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எஞ்சின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. டிரைவர் ஒரு கை தொங்க, மறு கையால் அழுத்தமானியைக் காட்டினான். முள் மேலே போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு நடுங்கியது.

அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. சுத்தியலோடு கொதிகலன் மேல் ஏறி அடித்தான், வெறி பிடித்தவன்போல அடித்தான். கம்பி அறுந்தது. ஆவி பீறிட்டது. முன்னங்கைகளின் தோல் உறை கழல்வதுபோல் கழன்றது.

வண்டி நின்றதும், பின்பெட்டியிலிருந்து நிபுணர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஆவி வீண். நீராவி தோல்வி," என்றார். பிறகு டிரைவரின் கையைக் கூர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "டீசலால ஓர் ஆள் மிச்சம்னு சொல்லியிருந்தேன். இப்ப ரெண்டாயிடுச்சு!"

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக இருவருக்கும் ஒரே யோசனை.

"எனக்குக் கை வராது மாப்ளே."

"எனக்கும் வராது மச்சான்."

"கால் இருக்குல்ல?"

சரிவில் நிபுணர் வெகுதூரம் உருண்டார். எரிபொருள் எதுவும் செலவாகவில்லை.