பதினொரு ரசீதுகள்

"அப்பா, துரையே பொய் சொன்னா அவரை யாரு ஜெயில்ல போடுவாங்க?"

ஆறு வயது மா டின் ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். பர்மாவில் வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்த தா டுன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் அவளை அதட்டினான்.

அந்த ஆண்டு மழை விட்டதும் துரை முகாம் கிளம்பினார். ஊராரிடம் பதினொரு மாட்டுவண்டிகளைப் பிடுங்கிக்கொண்டார். வாடகை தரவில்லை, தந்ததாக ரசீதுகள் மட்டும் தயாராயின. "வண்டிக்காரர்களுக்குப் பதில் நீயே கைநாட்டு வை" என்று தா டுன்னிடம் சொன்னார். கூடாரத்துக்குள் தா டுன் தன் கட்டைவிரலைப் பதினொரு முறை மையில் அழுத்தினான். நிமிர்ந்தபோது வாசலில் வண்டிக்காரக் கிழவி டோ புவா நின்றிருந்தாள்.

அவள் ரங்கூன் மேலிடத்துக்கு மனுப் போட்டாள். விசாரிக்க வந்த வெள்ளைக்காரர் அதே துரையின் பங்களாவில் தங்கி, அவரோடு உண்டு, விசாரணைக் கச்சேரியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பொய் மனு என்று முடிவானால் கிழவிக்கு ஆறு மாதச் சிறை.

"இது உன் கைநாட்டு இல்லையென்றால் யாருடையது?" என்று கிழவியைக் கேட்டார் விசாரிக்க வந்தவர். அதைப் பர்மிய மொழியில் சொல்ல வேண்டியவன் தா டுன்தான். ரசீதைப் பார்த்தபடியே சொன்னான்.

கிழவி அவனையே பார்த்தாள்.

"யாரு வெச்சதோ, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. துரை வீட்டுக் கோழியைக் கேளுங்க. என் வண்டில ஏறிப் போனதுதானே, சாட்சி சொல்லும்."

வெளியே நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. உணவு வேளைக்குள் அறிக்கை எழுதிக் கையெழுத்தாகிவிட்டது: பொய் மனு.

தாழ்வாரத்தில் தா டுன் அவளை நெருங்கினான். "ஏன் பெரியம்மா சொல்லல?"

"ஒனக்குச் சின்னப் பொண்ணு இருக்குல்ல தம்பி. எனக்கு யாரு? ஜெயில்லயும் புத்தர் இருப்பாரு. போய்ச் சாப்பிடு, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

துரைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அறிக்கையும் ரசீதுகளும் அடங்கிய காகிதக் கட்டு அன்றைய தபாலில் ரங்கூன் போக வேண்டும்; கட்டி அனுப்புவது அவன் வேலை. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. கதவருகே போய் எட்டிப் பார்த்தான். யாருமில்லை.

வெள்ளைத் தாளொன்றில் கட்டைவிரலைப் பதித்தான். கீழே எழுதினான்: 'பதினொன்றும் இந்த விரல்தான். துரை சொன்னதால் வைத்தேன்.' பெயரையும் எழுதி ரசீதுகளுக்கு மேல் வைத்தான். நாடா கட்டி, அரக்கு முத்திரையிட்டு, தபால் பையில் போட்டான்.