மூன்றாவது மாடிக்கு வந்தவர்

சனிக்கிழமை வேலை கிடையாது. ஆனாலும் லிஃப்ட் மெக்கானிக் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு, ஸ்பேனர் பையைத் தோளில் போட்டபடி வந்து நின்றார். மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகிறவர் இந்தக் கோலத்திலா போவார்? வழியில் யாராவது கேட்டால் ரிப்பேருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் இந்த வேஷம் என்று அவளுக்குப் புரிந்தது. போக ஒத்துக்கொண்டதே பெரிது என்று வாயை மூடிக்கொண்டாள்.

கிளம்புமுன் வீட்டு சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்க்குள் "ஆஃப், ஆஃப்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். செருப்பை மாட்டிய பிறகு மறுபடி உள்ளே போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். எட்டு மாதமாக இதே கதைதான். சோறு பாதி தட்டிலேயே கிடக்கிறது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார். மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் அவருடைய மச்சான் இறந்தான். மனைவிக்கு ஒரே தம்பி. தொழில் கற்றுக்கொடுத்துத் தன்னோடு ஜோடி சேர்த்துக்கொண்டவர் இவர்தான். லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பெட்டி மேலே கிளம்பிவிட்டது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், நீயே உடைஞ்சுபோனா வீட்டுல இருக்கிறவங்க கதி என்ன என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நெஞ்சுரம் உள்ள ஆள் என்று எல்லாரும் மெச்சினார்கள். அழாத ஆம்பளையைக் கண்டால் நம் ஜனங்களுக்கு அப்படியொரு மரியாதை. அதற்குப் பிறகு அவர் எந்த லிஃப்டுக்குள்ளும் கால் வைக்கவில்லை, கதவு வேலையும் பட்டன் வேலையும் மட்டுமே பார்க்கிறார் என்பது யார் கண்ணிலும் படவில்லை.

ஆலோசனை மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே வாட்ச்மேன் யூனிஃபார்மைப் பார்த்ததும் ஓடிவந்து, ரெண்டு நாளாக போன் போட்டுக் கை வலிக்கிறது, கதவு மூட மாட்டேனென்று அடம்பிடிக்கிறது என்று லிஃப்டைக் காட்டினார். நான் அதுக்கு வரலீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்மவருக்கோ தலை தப்பியது போல இருந்தது. 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை மாட்டினார், வெளியே நின்றபடியே கதவைச் சரிசெய்தார், வாட்ச்மேன் தந்த டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். எப்படி இருந்தது என்று மனைவி கேட்டாள். சரியாயிடுச்சு என்றார். லிஃப்டைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

மதியம் மையத்திலிருந்து மனைவிக்குப் போன் வந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அவள் சத்தம் போடவில்லை. அவர் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கூடப்பிறந்தவன் போயிட்டான். நீங்களும் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டு இருக்கீங்க. அதையும் நான் உக்காந்து பாக்கணுமா?"

அடுத்த சனிக்கிழமை அவளும் கூடவே வந்தாள். யூனிஃபார்ம் அப்படியே இருந்தது, பையை மட்டும் வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். அவள் கீழே பெஞ்சில் உட்கார, அவர் தனியாகப் படியேறினார்.

படுக்க வைப்பார்கள், மாத்திரை கொடுத்து மயக்குவார்கள், கண்ணைப் பார்த்தே உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிடுவார்கள் என்றெல்லாம் பயந்து போயிருந்தார். அறையில் இரண்டு நாற்காலிகளும் ஒரு கடிகாரமும்தான் இருந்தன. ஆலோசகர் அவரைவிடப் பத்து வயது சின்னவராகத் தெரிந்த ஒரு பெண். உட்கார்ந்ததும் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். ஐம்பது நிமிடம் பேசலாம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். பேசுவது இந்த அறையைத் தாண்டாது, யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. மருந்து தேவைப்பட்டால் அதற்கான டாக்டரிடம் அனுப்புவார். ஒரே நாளில் தீராது, பேசிய பிறகு ஓரிரு நாள் பாரம் கூடினாற்போலவும் இருக்கலாம். வேலையிடத்தில் நம்மவருக்கு 'ரூல்ஸ்' என்று பட்டப்பெயர். இங்கேயும் ரூல்ஸ் இருக்கிறது என்றதும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

தூக்கம், சாப்பாடு, வேலை என்று கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். வீட்டை விட்டுக் கிளம்பவே நேரமாகிறது, சுவிட்சுகளைத் தொட்டு ஆஃப், ஆஃப் என்று சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று ஆலோசகர் கேட்டார். அது தொழில் பழக்கம் என்றார். பெட்டி மேல் ஏறுகிறவன் கீழேயிருந்து "ஆஃபா?" என்று குரல் கொடுப்பான். மேலே மோட்டார் ரூமில் இருப்பவன் மெயின் சுவிட்சை இறக்கி, கையை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் "ஆஃப்" என்று சொல்ல வேண்டும். இருபது வருஷமாக அவர் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம் அது. சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை.

"அன்னிக்கு நான் போன்ல இருந்தேன். அவன் கேட்டான். வாய் பழக்கத்துல ஆஃப்னு சொல்லிடுச்சு. கை இறக்கல."

அதற்கு மேல் முடியவில்லை. எட்டு மாதத்து அழுகை ஒரேயடியாக வந்தது. ஆம்பளை அழலாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உன் தப்பில்லை என்று பூசி மெழுகவுமில்லை. இவ்வளவு நாள் இதைத் தனியாகவே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறீர்களே என்று மட்டும் ஆலோசகர் சொன்னார். மனைவியிடம் சொல்லிவிடட்டுமா என்று அவர் கேட்டதற்கு, எப்போது, எப்படிச் சொல்வது என்று சேர்ந்தே யோசிக்கலாம், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

அடுத்த வாரம் வரை அவருக்குப் பொறுக்கவில்லை. கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், அவள் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தார். அவள் போகவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "போன்ல இருந்தது நான்தானே. புள்ளைக்கு நோட்டு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லக் கூப்பிட்டேன். 'ஆஃபா மாமா?'ன்னு அவன் கேட்டது எனக்கும் கேட்டுச்சு. அதுதான் நான் கேட்ட அவன் கடைசிக் குரல்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக.

"ஒரு நோட்டுக்காக என் தம்பிய நானே கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். அதனாலதான் நீங்க என் மூஞ்சியில முழிக்கிறதில்லன்னு நினைச்சேன்."

ஒரே கூரையின் கீழ், ஒரே துக்கத்தை, ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இரண்டு பேரும் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பாவி மனுஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்ய முடியும்? போனவன் போனவன்தான். வெகுநேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் அவங்ககிட்ட ஒரு நேரம் கேக்குறீங்களா என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் சாதாரணச் சட்டையில் வந்தார். வாட்ச்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. லிஃப்ட் நன்றாகத்தானே ஓடுகிறது, இன்றைக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"நாங்க மூணாவது மாடிக்கு வந்திருக்கோம், மனசு சரியில்லன்னு," என்றார் மெக்கானிக், சுற்றியிருந்தவர்கள் காதில் விழும்படியாகவே. "லிஃப்ட் கெட்டா உடனே போர்டை மாட்டி ஆளைக் கூப்பிடுறோம். அதுல யாருக்கும் வெக்கமில்ல. மனசு கெட்டா மட்டும் போர்டை ஒளிச்சு வெச்சுட்டு ஓட்டிக்கிட்டே இருக்கோம். நாங்க எட்டு மாசம் அப்படி ஓட்டிட்டோம். வெக்கப்பட வேண்டியது அதுக்குத்தான், இங்க வர்றதுக்கு இல்ல."

வாட்ச்மேன் லிஃப்ட் கதவைத் திறந்துவிட்டார். மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதற்கு இன்னும் நாளாகும். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினார்கள்.