அலமாரிக்குள் வாயாடி

"கருவி பிள்ளையோட வீட்டுக்குப் போகணும், மேடம்."

இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று மூத்த ஆசிரியை காலையிலேயே இளம் ஆசிரியையான அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டாள். மேசையைச் சுற்றி ஒருவரும் தலை நிமிரவில்லை.

பழைய டேப்லெட்டை ஒப்படைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் கூடியிருந்தார்கள். பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டால், அது வாய்விட்டுச் சொல்லும். தேர்வுக்கு வந்தவை இரண்டு. கையில் தூக்கிப் போகும் மாதிரி ஒன்று. சுவரில் மாட்டும் பெரிய திரை ஒன்று. தலைமையாசிரியை பெரிய திரையில் 'வணக்கம்' படத்தையே திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"சுவத்துல இருந்தா தொலையாது, உடையாது. வர்றவங்க கண்ணுலயும் படும்."

"சுவரு அந்தப் பிள்ளைகூட வேன்ல ஏறாதே மேடம்."

மூத்தவர் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் 'வாயாடி' என்று பெயர். டேப்லெட் கைக்கு வந்ததிலிருந்து பக்கத்துப் பையனைத் திட்டுவாள், இன்னும் சோறு கேட்பாள், கணக்கு வேண்டாம் என்பாள், ஓயவே மாட்டாள். கடைசி மணி அடித்தால் டேப்லெட் அலமாரிக்குள் போய்விடும். பூட்டுவது இளம் ஆசிரியையின் வேலை.

போன விடுமுறையில் வாயாடி சுவரில் தலையை முட்டி முட்டி அழுதிருக்கிறாள். அடம் என்று நினைத்து அம்மா கையைக் கட்டிப்போட்டிருக்கிறாள். பள்ளி திறந்து டேப்லெட்டைக் கொடுத்ததும் அவள் தொட்ட முதல் படம் காது. அடுத்தது வலி. அந்த இரண்டையே விடாமல் தொட்டாள். சீழ் கழுத்துவரை இறங்கியிருந்தது. அந்தக் காது இனிக் கேட்காது.

"'என் கையாலயே கட்டினேனே டீச்சர்'னு அவங்கம்மா ஆஸ்பத்திரில அழுதாங்க. கட்டினது அவங்க. பூட்டச் சொன்னது யாரு மேடம்?"

தலைமையாசிரியை மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "குடும்பத்துல முதல் டிகிரி. வாய் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்." பிறகு இவள் பக்கம் திரும்பினார். "குடுத்தா வித்துத் தின்னுருவாங்கம்மா. அந்த மாதிரி வீடுங்களப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"தெரியும். அந்த மாதிரி வீட்டுலேர்ந்துதான் வர்றேன்."

பெரிய திரைக்கே கை தூக்கினார்கள். மூத்தவரின் கையும் மெல்ல எழுந்தது. அவர் இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுது. பழசைக் கொண்டாந்து வைம்மா."

அவள் எழுந்து சாவியை மேசைமேல் போட்டாள்.

"சாவி எதுக்கு? டேப்லெட் எங்க?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பை கனத்தது. சார்ஜரையும் மறக்காமல் காலையிலேயே எடுத்து வைத்திருந்தாள். வாசலில் வாயாடி ஏறும் வேன் இன்னும் கிளம்பவில்லை. கதவைச் சாத்தாமல் இறங்கி நடந்தாள்.